போடாத முந்திரியின் வாசம்

என் மச்சினன் கப்பலில் வேலை பார்க்கிறான். சரக்குக் கப்பல் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற கப்பல். அதில் சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிற வேலை. ஒரு தை மாதம் லீவில் வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தான். அதில் நான் ஒரு சின்னக் கிளாஸ் குடித்தேன். அதிலிருந்து எனக்கு ஒரு குழப்பம். அது இன்னும் தீரவில்லை. எழுதினால் தீருமா என்று பார்க்கிறேன்.

நான் சமையல்காரன். வீடு வில்லாபுரத்தில். கல்யாணம், காதுகுத்து எல்லாம் செய்வேன். ஆனால் என்னைத் தேடி வருகிறவர்கள் கிடா வெட்டுக்குத்தான் வருவார்கள். செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். மாசி மாதம் குலசாமி கும்பிடுவார்கள். பிழைக்கப் போன சனமெல்லாம் அன்றைக்கு ஊர் வந்து சேரும். கோயில் வாசலிலேயே கிடா வெட்டி, அங்கேயே அடுப்பு மூட்டி, அண்டாவில் குழம்பு வைக்க வேண்டும்.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிக்குப் படைக்கிறவரை குழம்பை யாரும் வாயில் வைக்கக் கூடாது. சமையல்காரனும் வைக்கக் கூடாது. நான் வாயைத் துண்டால் கட்டிக்கொள்வேன். மூக்கு வெளியே இருக்கும். கொதி வரும்போது ஆவிக்கு மேல் குனிந்து மோந்து பார்த்துத்தான் உப்புப் போடுவேன்.

அளந்து போட்டால் என்ன என்று கேட்பார்கள். அளக்க முடியாது. நேர்ந்துகொண்டவர்கள் கடைசி நேரத்தில் இன்னொரு கிடாயை இழுத்துக்கொண்டு வருவார்கள். கிணற்றுத் தண்ணீர் ஒரு வருஷம் நன்றாக இருக்கும், ஒரு வருஷம் உவர்ப்பாக இருக்கும். மூக்குத்தான் கணக்கு. படையலில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அந்த வீட்டார் அந்த வருஷம் முழுவதும் பயந்துகொண்டே இருப்பார்கள். மாடு செத்தால் அதுதான் காரணம். மகள் கல்யாணம் தட்டினால் அதுதான் காரணம். என் கையில் அப்படி ஆனதில்லை.

ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல் வந்தபோது எனக்கும் வந்தது. காய்ச்சல் போனது. வாசமும் போனது. கொஞ்ச நாள் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு வந்தது. கோணலாக வந்தது. வெங்காயம் வதங்கினால் டயர் எரிகிற வாசம். காப்பித்தூள் டப்பாவைத் திறந்தால் சாக்கடை. மல்லிகைப்பூ பச்சைக் கறி மாதிரி. என் வீட்டுக்காரி பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாளிலிருந்து பூ வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

டாக்டர், போகப் போகச் சரியாகும் என்றார். எப்போது என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

நாக்கு நன்றாகத்தான் இருந்தது. உப்பு, புளிப்பு, காரம் தெரிந்தது. அதனால் கல்யாண வேலைகளை ஓட்டினேன். அங்கே ருசி பார்க்கலாம். நோய்க் காலத்தில் குலசாமி கும்பிடு நடக்கவில்லை. அதனால் என் விஷயம் வெளியே தெரியவில்லை. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

மச்சினன் வந்திருந்த அந்தத் தை மாதம், கும்பிடை முன்னால் நின்று நடத்துகிற கோயில் வீட்டுப் பெரியவர் தட்டோடு வந்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, தேங்காய். அந்தத் தட்டை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி.

"மாஸ்டரு, மாசிக்குக் கும்பிடு வச்சிருக்கோம். வந்துரு."

"ஞாயித்துக்கெழம கழிச்சுச் சொல்றேங்கய்யா."

"என்னய்யா புதுசா யோசிச்சுச் சொல்றேங்குற. பொண்ணா கேட்டு வந்திருக்கேன்?"

தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரி வெற்றிலை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து ஈரத்துணி போட்டு மூடினாள். அவள் மூடியதைப் பார்த்ததும், நான் போவேன் என்று அவள் நினைக்கிறாள் என்று தெரிந்தது. போவேனா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மச்சினன் வீட்டு விருந்து. ஒத்தக்கடையில் புது வீடு கட்டியிருக்கிறான். நானும் வீட்டுக்காரியும் வண்டியில் போனோம். அவன் பெண்டாட்டி உள்ளே கறி வைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரி அடுப்படிக்குள் போய்விட்டாள். ஹாலில் நானும் மச்சினனும் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரரும். அவர் தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் கிளார்க்.

மச்சினன் பிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்தான்.

"மச்சான், இது நம்ம கடைச் சரக்கு இல்ல. ஒயின். போர்ச்சுக்கல்ல வாங்குனது. வெள்ளை ஒயின்."

பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக இல்லை. மலைத்தேன் நிறம். ஓரத்தில் நல்லெண்ணெய் மாதிரி ஒரு மினுக்கம்.

"இதுவா மாப்ள வெள்ளை?"

"திராட்சை வெள்ளை. மரப் பீப்பாயில இருவது வருசம் கெடந்திருக்கு. செவப்பு ஒயினுக்கு வயசானா வெளுக்கும். வெள்ளைக்கு வயசானா கறுக்கும்."

"அப்ப நானும் வெள்ளை ஒயின்தான்," என்றார் கிளார்க். "கல்யாண போட்டோவுல பாருங்க, பளபளன்னு இருப்பேன்."

"போட்டோக்காரனுக்கு எம்புட்டுக் குடுத்தீங்களோ," என்றான் மச்சினன்.

ஒயின் என்றால் புளிக்கும், இதில் என்ன இருபது வருஷம் என்று கேட்டேன். இது வேறு மாதிரி என்றான். திராட்சைச் சாறு புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும்போதே நடுவில் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்களாம். அப்போதுதான் இனிப்புத் தங்குமாம்.

"பதம் பாத்து அடுப்ப அணைக்கிற மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்கங்க."

சின்னக் கிளாசில் கொஞ்சமாக ஊற்றினான். கிளார்க் ஒரே மடக்கில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"இருமல் மருந்துல சக்கரை போட்ட மாதிரி இருக்கு தம்பி. இதுக்கா கப்பலேறிப் போனீங்க. தெருமுக்கு மெடிக்கல்லயே கெடைக்குமே."

நான் மோந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. குளிர் மட்டும். சரி, என் மூக்குக்கு இதுவும் இல்லை என்று நினைத்துக் கிளாசைக் கையிலேயே வைத்திருந்தேன். கைச்சூட்டில் குளிர் விட்டது. திரும்ப மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

முந்திரி. நெய்யில் போட்டு, நிறம் மாறுகிற நேரத்தில் வருகிற வாசம்.

நான் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பாயசம் வைக்கிறியாம்மா?"

"இல்லண்ணே, ரசந்தான் கொதிக்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஒரு வாய் குடித்தேன். இனிப்பு. தேன் மாதிரி, ஆனால் தேன் மாதிரி ஒட்டவில்லை. அதற்குள் ஒரு புளிப்பு வந்து இனிப்பை இரண்டாக வகுந்துவிட்டது. பிறகு ஆரஞ்சுத் தோல். உரித்துப்போட்டு வெயிலில் காய்ந்த தோல். அதற்குப் பின்னால் பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி. விழுங்கினேன். தொண்டையில் சூடு இறங்கியது. எல்லாம் போன பிறகு நாக்கு ஓரத்தில் துளி உப்பு. அது போகவே இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முந்திரி திரும்ப வந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்குக்கு வந்த முதல் நல்ல வாசம் அது. கிளாசைக் கீழே வைத்தேன்.

"இதுல முந்திரி போட்டிருக்கா மாப்ள?"

அவன் சிரித்தான். கிளார்க்கும் சிரித்தார்.

"பிரியாணியா மச்சான் இது? ஒண்ணும் போடல. வெறும் திராட்சை."

"உப்பு?"

"உப்பா? சரியாப்போச்சு. ஒரு கிளாசுலயே மச்சானுக்கு ஏறிருச்சு."

ஆரஞ்சுத் தோலை நான் கேட்கவில்லை. கறி வந்தது. டயர் வாசத்தோடு சாப்பிட்டேன்.

வண்டியில் திரும்பும்போது யோசித்தேன். இருக்கிற வெங்காயத்தை இல்லாத டயராகக் காட்டுகிற மூக்கு இது. இன்றைக்கு இல்லாத முந்திரியைக் காட்டுகிறது. நாக்கும் சேர்ந்து இல்லாத உப்பைச் சொல்கிறது. நல்ல வாசமாக இருந்தால் மட்டும் பொய் இல்லை என்று ஆகுமா? சாமி சோற்றை இந்த மூக்கை நம்பி எப்படிச் சமைப்பது?

மறுநாள் தட்டை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

"முடியாதுங்கய்யா."

"ஏன், ஒடம்புக்கா?"

"மூக்குக்கு."

அவர் என் மூக்கைப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு."

"இல்லாத வாசமெல்லாம் வருது."

"பேய் கீய் எதும் அண்டிருச்சா?"

"காய்ச்சல்ல வந்ததுங்கய்யா."

என்னோடு பல வருஷமாக வேலை பார்க்கிற ஒருவரைச் சொன்னேன். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். அவர் செய்வார் என்றேன். பெரியவர் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாசல்வரை வந்து, "சாப்புடவாவது வந்துரு," என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த ஈரத்துணியைக் கொடியில் காயப் போட்டேன். என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

லீவு முடிகிற சமயத்தில் மச்சினன் சொல்லிவிட்டுப் போக வந்தான். கையில் அதே பாட்டில். பாதிக்கு மேல் இருந்தது.

"எங்க வீட்டுல யாரும் தொடல. நீங்களே வச்சுக்கங்க மச்சான். நீங்கதான் கப்பல்ல வர்றவுக மாதிரி மோந்து மோந்து குடிச்சீங்க."

"அவுகளும் மோந்துதான் குடிப்பாகளா?"

"குடிக்கிறதவிட மோக்கிறதுதான் சாஸ்தி. கிளாசுக்குள்ள மூக்க விட்டுக்கிட்டு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாக. வறுத்த முந்திரிக்கொட்டை, தேன், காஞ்ச ஆரஞ்சுத் தோலு. ஒரு அம்மா கடைசியில உப்புக் கரிக்குதுன்னு சொல்லுச்சு. ஆமா ஆமான்னு எல்லாரும் தலையாட்டுறாக."

நான் அவனையே பார்த்தேன். ஆரஞ்சுத் தோலை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடம்கூட.

"அன்னைக்கு ஏன்டா சொல்லல?"

"நீங்க போட்டிருக்கான்னு கேட்டீக. போடலன்னேன். வாசம் வருமான்னு கேக்கலியே."

"போடாம எப்படி மாப்ள வரும்?"

"மரத்துல கெடந்து கெடந்து வருதாம். எனக்கென்ன தெரியும். எனக்கு பிராந்தி வாசந்தான் வருது. ஊத்துறதுதான் நம்ம வேலை."

என் வீட்டுக்காரி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். "அப்ப மூக்கு நல்லாயிருச்சா?"

நான் உள்ளே போய் ஒரு வெங்காயத்தை நறுக்கி எண்ணெயில் போட்டேன். வதங்கியது. டயர்.

"இல்ல," என்றேன்.

எனக்கு இது விளங்கவில்லை. அந்த ஒயினில் முந்திரி இல்லை. ஆனால் கப்பலில் மோந்து குடிக்கிற எல்லோருக்கும் முந்திரி வாசம் வருகிறது. அது சரி. வெங்காயத்தில் டயர் இல்லை. எனக்கு மட்டும் வருகிறது. அது தப்பு. இரண்டிலும் இல்லாததுதான் வருகிறது. பத்துப் பேர் தலையாட்டினால் இல்லாதது இருக்கிறது ஆகிவிடுமா?

இதை மச்சினனிடம் கேட்டேன். நான் பெரியவர் வேலையை விட்டதையும் ஏன் விட்டேன் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"உப்புக்கு வாசமே கெடையாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாகளே மச்சான். அப்ப நீங்க இத்தன வருசமா எதை மோந்தீங்க?"

கேலியாகத்தான் கேட்டான். கிளம்பிப் போய்விட்டான். அந்தக் கேள்வி போகவில்லை. உப்புச் சட்டியை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான் மோந்தது உப்பை இல்லை என்றால், கொதியில் கறி வாசம் எழும்புகிற விதத்தையா? உப்புச் சரியாக இருந்தால் அது முகத்துக்கு நேரே வரும். குறைந்தால் கஞ்சி மாதிரி அண்டாவுக்குள்ளேயே கிடக்கும். இப்படித்தான் எனக்குத் தெரியும். இதுவும் இல்லாத வாசம்தானோ என்று பயமாக இருந்தது.

அன்றிலிருந்து காலையில் பல் விளக்கியதும் அந்தப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்க ஆரம்பித்தேன். உலகத்தில் அது ஒன்றுக்குத்தான் சரியான வாசம் எது என்று எனக்கு இன்னொருவன் சொல்லியிருக்கிறான். சில நாள் முந்திரி வந்தது. சில நாள் ஆரஞ்சு மட்டும். சில நாள் காலி.

"விடிஞ்சதும் பாட்டில மோந்துக்கிட்டு நிக்கிறீங்க. எதிர்த்த வீட்டுல பாத்துட்டு என்னையக் கேக்குறாக," என்றாள் வீட்டுக்காரி.

"மருந்துன்னு சொல்லு."

"குடிக்கிற ஆளுகளே அப்படித்தான் சொல்றாக."

அவளிடம் நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினாள். "பிராந்தி வாசந்தான் வருது."

"நல்லா மோந்து பாரு."

"பிராந்திதான்."

அவள் மூக்கில் கோளாறு இல்லை. அவளுக்கு வரவில்லை. எனக்கு வருகிறது. இது வேறு ஒரு குழப்பம்.

மாசி வந்தது. சாப்பிடத்தான் போனேன். கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் அடுப்பு. எனக்குப் பதிலாகப் போனவர் வாயைக் கட்டிக்கொண்டு அண்டா பக்கத்தில் நின்றார். உச்சி வெயில். சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டைக் கொஞ்சம் இறக்கினார்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. கெடா ரெண்டு கூட வந்திருச்சு. தண்ணி வேற சப்புன்னு இருக்கா கரிக்குதா தெரியல. செத்த மோந்து பாருங்க."

"எனக்கு மூக்குச் சரியில்லப்பா. பெரியவரு சொல்லியிருப்பாருல்ல."

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. எதை மோக்கணும்னு தெரியலையே."

அந்தப் பக்கம் பெரியவர் பூசாரியோடு பேசிக்கொண்டிருந்தார். இலை விரித்துவிட்டார்கள். சனம் கோயிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. இனி நேரம் இல்லை. நான் துண்டை எடுத்து வாயைக் கட்டினேன். குனிந்தேன்.

டயர். முகத்தில் அறைந்த மாதிரி வந்தது. நிமிரத்தான் நினைத்தேன். ஏனோ அந்தக் கிளாஸ் ஞாபகம் வந்தது. முதலில் ஒன்றும் இல்லாமல், கையில் வைத்திருந்த பிறகு வந்ததே. அப்படியே குனிந்து நின்றேன். கண்ணில் புகை. டயருக்கு அடியில் கறி இருந்தது. கீழேயே கிடந்தது. மேலே வரவில்லை.

"ஒரு கை போடு."

போட்டார். கிளறினார். கொதி அடங்கித் திரும்ப வந்தது. குனிந்தேன்.

"இன்னொண்ணு."

"போடவாண்ணே? நெசமாத்தான் சொல்றீங்களா?"

எனக்கே தெரியவில்லை. "போடு," என்றேன்.

இந்தத் தடவை எழும்பியது. அல்லது எழும்ப வேண்டும் என்று நான் நினைத்ததால் எழும்பியது. போதும் என்று கையைக் காட்டினேன்.

படையல் போட்டார்கள். சாமி கும்பிட்டார்கள். பெரியவர் வீட்டு ஆட்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். குலசாமிப் பந்தியில் இலை ஓரத்தில் உப்பு வைக்க மாட்டோம். வேண்டும் என்கிறவர்கள் கேட்பார்கள். கேட்டால் எனக்குப் பதில் நின்ற மனிதருக்கு அசிங்கம். அந்த வீட்டுக்கு ஒரு வருஷத்துப் பயம். நான் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடுப்பந்தியில் ஒருவர் கையைத் தூக்கினார்.

"எலும்பு இருந்தாப் போடுப்பா," என்றார்.

வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் யாரும் பேசாமல் சாப்பிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கடைசிப் பந்தியில் நான் உட்கார்ந்தேன். நாக்கில் வைத்தேன். உப்புச் சரி. நாக்குக்குத் தெரிந்தது. குழம்பு டயர்தான்.

சாப்பிட்டு எழுந்ததும் பெரியவர் தட்டோடு வந்தார். எனக்குப் பதில் சமைத்தவர் போய்ச் சொல்லியிருக்கிறார் போல.

"நீதான் பாத்தியாமே."

"ஆமாங்கய்யா."

"அப்ப மூக்கு சரியாயிருச்சு."

"இல்லங்கய்யா."

"பெறகு எப்படி சரியா வந்துச்சு?"

"தெரியலங்கய்யா. கைப்பழக்கமோ என்னவோ."

"எந்தப் பழக்கமோ. சாமி ஏத்துக்கிருச்சு. அடுத்த மாசிக்கு இப்பவே பிடி. அந்தாளயும் கூட்டிக்கிட்டு வா."

நான் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்குங்கண்ணே, கை வலிக்கப்போகுது அவருக்கு," என்றார். வாங்கினேன். இல்லை என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. அதுவும் என்னிடம் இல்லை.

வீட்டில் வீட்டுக்காரி தட்டைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துணியை எடுத்து நனைத்து வெற்றிலைமேல் போட்டாள். "அடுத்த மாசி வரைக்கும் இது தாங்காது," என்றாள். ஆனாலும் போட்டாள்.

நான் பாட்டிலைத் திறந்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மோந்தேன். பொறுத்து, கையில் வைத்திருந்து திரும்பவும் மோந்தேன்.

அன்றைக்கு பிராந்தி வாசம் மட்டும்தான் வந்தது. என் வீட்டுக்காரிக்கு வருகிற வாசம். அது என் மூக்கு தேறியதா, இன்னும் கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மூடி, காலையில் பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்தேன்.